எக்ஸாஸ்ட் பிரேக்கில் எண்ணெய்க் கசிவு: ஈரம் எங்கே, எப்போது என்று பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

எக்ஸாஸ்ட் பிரேக்குக்குள் எண்ணெய் ஓடுவதே இல்லை. டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் சாதனம்) பின்னால், புகைக்குழாயின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புக் கூடு, அதற்குள் ஒரு வட்டத் தகடு, தகட்டைத் திருப்ப ஒரு ஷாஃப்ட், ஷாஃப்டை இழுக்க வெளியே ஒரு சின்ன சிலிண்டர். சாமான் அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் பின்னால் முட்டும், பிஸ்டன்கள் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும், லோரியின் வேகம் குறையும். இதில் எண்ணெய்க்கு எங்கேயும் வேலை இல்லை. அந்த இடம் நனைந்திருந்தால் எண்ணெய் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலேசியாவின் பினாங்கில் பிறை, பட்டர்வொர்த், மாக் மண்டின் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது (ஹாஃப் கட் கடை என்றால் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடை, போமென் என்றால் மெக்கானிக்):

"அண்ணே, ஹாஃப் கட் கடையில எக்ஸாஸ்ட் பிரேக் முழு செட்டா வாங்கி மாட்டிட்டேன். இன்னும் ஒழுகுதுண்ணே."

"பழசக் கழட்டினப்போ முன்னால இருக்கிற பைப்புக்குள்ள விரல விட்டுப் பாத்தியா தம்பி?"

"இல்லண்ணே. போமென் நேரா மாத்திடலாம்னு சொல்லிட்டாரு."

விரலை விட்டுப் பார்த்திருந்தால் காசு மிச்சம். எந்த இடத்தில் ஈரம், எந்த நேரத்தில் ஈரம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி. கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம்.

உங்கள் லோரி எந்த வகை

மூன்று டன், ஐந்து டன் சின்ன லோரிகளில், அதாவது கால் பிரேக் ஹைட்ராலிக்கில் வேலை செய்யும் லோரிகளில், எக்ஸாஸ்ட் பிரேக்கை இழுப்பது பெரும்பாலும் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். பெரிய லோரி, பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் தலை வண்டி) என்றால் டேங்க்கில் அழுத்தி அடைத்த காத்து. சந்தேகமாக இருந்தால் சிலிண்டருக்கு வரும் குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போங்கள். அது காத்து டேங்க்கில் போய் முடிகிறதா, ஆல்டர்னேட்டர் பின்னாலிருக்கும் வேக்குவம் பம்ப் பக்கம் போகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டிலும் நடுவே ஒரு மேக்னெட்டிக் வால்வு இருக்கும். கேபினிலிருந்து வரும் கரண்ட்டில் திறந்து மூடுவது அதுதான். பின்னால் இரண்டு அறிகுறிகளுக்கு இந்த வால்வு முக்கியம்.

கை வைப்பதற்கு முன்

ஓடி வந்த லோரியில் டர்போவும் அதன் பின்னாலுள்ள குழாயும் தோலை உரித்துவிடும் சூட்டில் இருக்கும். ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை கொடுங்கள். கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா, தாங்கு கம்பி உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே விடுவது. காத்து வகையில் எந்த பைப்பைக் கழற்றுவதாக இருந்தாலும் டேங்க்கில் இருக்கும் காத்தை முழுக்க வெளியேற்றுங்கள். 7, 8 பார் அழுத்தத்தில் தெறிக்கும் குழாய் முனை கண்ணைப் பறித்துவிடும்.

பிறகு கழுவுவது. டிகிரீசர் போட்டு எஞ்சினின் அந்தப் பக்கம் முழுவதையும் கழுவிக் காய வையுங்கள். ஆல்டர்னேட்டரையும் வயர் சாக்கெட்டுகளையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டுக் கழுவுவது உத்தமம். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்படும் இடமெல்லாம் தூவி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். எண்ணெய் வரும் பாதை வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். எண்ணெயில் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் இருக்கிறது. அது இன்னும் சுத்தம், ஆனால் பவுடரே பாதி கேஸை முடித்துவிடும்.

பார்க்க வேண்டியது சொட்டும் இடத்தை அல்ல, ஈரத்தின் மிக உயரமான புள்ளியை. எண்ணெய் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னாலும் தள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் டர்போவுக்குக் கீழேயும் பின்னாலும் இருக்கிறது. மேலே எது கசிந்தாலும் பழி அதன் தலையில்தான் விழும்.

வடிவது எண்ணெய்தானா

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபிளேஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்பு) இணைப்பிலிருந்து கறுப்பாகச் சொட்டி, எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் கரி கலந்த தண்ணீர். இரவில் குழாய்க்குள் கோர்த்த நீர் கரியைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள். தண்ணீர் என்றால் கறுப்புப் பொடி தங்கி ஈரம் காய்ந்துவிடும். எண்ணெய் என்றால் கறையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் பரவும், விரலில் வழுக்கும். மெல்லியதாக, டீசல் வாடையோடு இருந்தால் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

ஈரமே இல்லாமல் உலர்ந்த கரி விசிறி போலப் படிந்திருந்தால் அது எண்ணெய்க் கசிவே இல்லை, கேஸ்கெட் வழியாகப் புகை போகிறது. கேஸ்கெட்டை மாற்றுங்கள். அந்த இடத்தில் சிலிகான் தடவி மூடுவது வேலைக்கு ஆகாது, சூட்டில் எரிந்துவிடும்.

இன்னொன்று. ஷாஃப்ட் இறுகிவிட்டது என்று யாராவது கிரீஸோ மினியாக் ஹீத்தாமோ (எஞ்சின் எண்ணெய்) ஊற்றியிருக்கிறார்களா என்று டிரைவரையும் கெலிண்டானையும் (லோரி உதவியாளர்) கேளுங்கள். அந்தச் சூட்டில் கிரீஸ் உருகி வழிந்து, மிச்சம் கரியாகக் கட்டி, ஷாஃப்டை இன்னும் இறுக்கும். பார்ப்பதற்கு அசல் கசிவு மாதிரியே இருக்கும். ஷாஃப்டுக்கு அதிகச் சூடு தாங்கும் லூப்ரிகன்ட் மட்டும், அதுவும் கம்பெனி மேனுவல் சொன்னால் மட்டும்.

அறிகுறி: ஷாஃப்ட் ஓரத்திலும் ஃபிளேஞ்சிலும் கறுப்பு எண்ணெய் கசிகிறது, குழாயின் உள்ளேயும் ஈரம்

இதுதான் அதிகம் வருவது, அதிகம் தப்பாகப் பார்க்கப்படுவதும் இதுதான். எக்ஸாஸ்ட் பிரேக்கின் முன்பக்க இணைப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். உள்சுவர் நனைந்திருந்தால் எண்ணெய் புகையோடு சேர்ந்து உள்ளே வந்திருக்கிறது. தகடு மூடும்போது அழுத்தம் ஏறி, ஷாஃப்ட் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) வழியாக அந்த எண்ணெயை வெளியே பிதுக்குகிறது. புஷ் தேய்ந்திருக்கலாம். ஆனால் புஷ்ஷை மாற்றினால் எண்ணெய் வெளியே தெரியாமல் சைலன்சருக்குப் போகும், நோய் அப்படியே இருக்கும்.

இப்போது கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் டர்போவிலிருந்து வருகிறதா, எஞ்சினிலிருந்தே வருகிறதா? டர்போவை மேனிஃபோல்டிலிருந்து (எல்லா சிலிண்டர்களின் புகையும் வந்து சேரும் குழாய்) இறக்கினால் பதில் கிடைத்துவிடும். மேனிஃபோல்டின் வாய்கள் காய்ந்திருந்து, டர்போவின் வெளிவாய் மட்டும் நனைந்திருந்தால் டர்போ. மேனிஃபோல்ட் வாய்களே நனைந்திருந்தால் எஞ்சின். அதிலும் ஒரே ஒரு வாய் மட்டும் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரின் வால்வு சீல், வால்வு கைடு, பிஸ்டன் ரிங், இன்ஜெக்டர் என்று தேடலாம். எல்லா வாயும் நனைந்திருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் பேசிப் பயனில்லை.

டர்போ என்று தெரிந்தால் உடனே புது கோர் (ஷாஃப்டும் பேரிங்கும் உள்ள டர்போவின் நடுப்பாகம்) வாங்க ஓடாதீர்கள். டர்போ ஷாஃப்டில் ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் போல மெல்லிய இரும்பு வளையம்தான் இருக்கிறது. எண்ணெயை உள்ளே நிறுத்தி வைப்பதில் பெரிய பங்கு வெளியிலிருந்து அமுக்கும் புகையின் அழுத்தத்துக்கு. அந்த அழுத்தம் குறைந்தாலோ, உள்ளே எண்ணெய் தேங்கினாலோ, நல்ல டர்போவும் கக்கும். ஆகவே வரிசை இப்படி:

முதலில் ஐடிலிங், அதாவது நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விடுவது. பட்டர்வொர்த் கன்டெய்னர் டெர்மினலில் வரிசையில் நிற்கும்போது ஏர்கானுக்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓட விடும் லோரிகளில் டர்பைன் பக்கம் அழுத்தமே இருக்காது. எண்ணெய் மெல்ல ஊறிக் குழாயில் சேரும். பிறகு நெடுஞ்சாலையில் ஏறியதும் நீலப் புகை, அடுத்த இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கில் ஈரம். 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது சில தவுக்கேமார்கள் (லோரி முதலாளிகள்) ஐடிலிங்கைத் திட்ட ஆரம்பித்தார்கள். டர்போவுக்காகவும் திட்டியிருக்கலாம்.

அடுத்து எண்ணெய் திரும்பும் பைப். டர்போவுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது, திரும்பிப் போவதோ வெறும் புவியீர்ப்பில். அந்தப் பைப் செங்குத்தாக இறங்க வேண்டும். செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் வம்பு. நெளிந்திருக்கிறதா, உள்ளே கரி கட்டியிருக்கிறதா, ரப்பர் ஹோஸ் உட்பக்கமாக உப்பி வழியை அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபிளேஞ்சில் சிலிகான் போட்டிருந்தால் அதன் பிதுங்கிய விளிம்பு பாதி வாயை மூடியிருக்கும். அங்கே கேஸ்கெட் மட்டும்தான் போட வேண்டும். இந்தப் பைப் ஒன்றைச் சுத்தம் செய்து மாட்டியதும் கசிவு நின்ற லோரிகள் ஏராளம்.

பிறகு எஞ்சின் எண்ணெய் அளவும் கிராங்க்கேஸ் (எண்ணெய் தங்கும் எஞ்சினின் அடிக்கூடு) அழுத்தமும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வடியுங்கள். ஆயில் மூடியைத் திறந்து ஐடிலில் பாருங்கள். லேசாகப் புகை வந்தால் பரவாயில்லை. மூடியைத் தலைகீழாக வைத்தால் துள்ளிக் கீழே விழுகிற அளவுக்கு ஊதினால், பிரீதர் (கிராங்க்கேஸ் ஆவி வெளியேறும் வழி) அடைத்திருக்கிறது அல்லது ரிங் போய்விட்டது. கிராங்க்கேஸில் அழுத்தம் இருந்தால் டர்போ எண்ணெய் கீழே இறங்க இடமில்லாமல் சீல் வழியாகத் தப்பும்.

கடைசியில்தான் டர்போ ஷாஃப்ட். எஞ்சின் ஆறியிருக்கும்போது விரலால் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு, எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ கோர் முடிந்தது. புது கோர் மாட்டும்போது எண்ணெய் உள்ளே வரும் பைப்பையும் மாற்றுங்கள். பழைய பைப்பின் கரி புது பேரிங்கில் போய் உட்காரும். ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய் வாயில் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றிவிடுங்கள்.

அறிகுறி: வெளியே மட்டும் ஈரம், குழாயின் உள்ளே காய்ந்திருக்கிறது

நல்ல செய்தி. மேலிருந்து சொட்டுகிறது. ராக்கர் கவர் (எஞ்சின் தலைக்கு மேலுள்ள மூடி) கேஸ்கெட்டின் பின் மூலை, டர்போவுக்கு எண்ணெய் வரும் பைப்பின் போல்ட்டில் இருக்கும் செப்பு வாஷர், ஆயில் கூலர் இணைப்பு, இந்த மூன்றையும் பவுடர் காட்டிக் கொடுத்துவிடும். செப்பு வாஷரை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் போல்ட் நடுவில் அறுந்துவிடும்.

பலர் மறப்பது பிரீதர் பைப். பழைய எஞ்சின்களில் கிராங்க்கேஸ் ஆவி ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கீழே திறந்தவெளிக்குப் போகும். கிளிப் கழன்று அந்தக் குழாய் புகைக்குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டால், ஓடும்போது வரும் காற்று எண்ணெய் ஆவியை நேராக எக்ஸாஸ்ட் பிரேக் மேல் அடிக்கும். சரியான இடத்துக்குத் திருப்பிக் கட்டினால் முடிந்தது கதை.

அறிகுறி: பிரேக்கை விடும்போது 'புஸ்' சத்தத்தோடு எண்ணெய் தெறிக்கிறது

இது காத்து வகை. மேக்னெட்டிக் வால்வின் வெளிவாய்க்குக் கீழே சேசிஸ் கறுத்துப் பிசுபிசுத்திருக்கும், சிலிண்டரின் ரப்பர் உறையும் நனைந்திருக்கும். எண்ணெயைக் கொண்டு வருவது ஏர் கம்ப்ரசர். டர்போவையும் எக்ஸாஸ்ட் குழாயையும் தொடவே வேண்டாம்.

காத்து டேங்க்குகளின் வடிகால் குழாயைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளை டப்பாவில் பிடியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கொஞ்சம் தண்ணீர் வருவது சகஜம். பால் கலந்த தேநீர் நிறத்தில் கொஞ்சம் வந்தால் ஏர் டிரையர் (உள்ளே மணிகளால் காத்தின் ஈரத்தை இழுக்கும் சாமான்) கவனிக்கப்படவில்லை. கறுப்பு எண்ணெய் தனியாகவே வந்தால் கம்ப்ரசர் எண்ணெய் கடத்துகிறது.

அப்போதும் கம்ப்ரசரைக் குற்றம் சொல்லும் முன் அதற்கு மூச்சுவிட வழி இருக்கிறதா என்று பாருங்கள். அது காற்றை இழுக்கும் ஹோஸ் நசுங்கியிருந்தாலோ ஃபில்ட்டர் அடைத்திருந்தாலோ, கீழிருந்து எண்ணெயைச் சேர்த்து உறிஞ்சும். கம்ப்ரசரிலிருந்து வெளியே போகும் இரும்பு பைப்பில் கரி கட்டியிருந்தால் சூடு ஏறி, எண்ணெய் ஆவியாகி முன்னால் போகும். சிஸ்டத்தில் எங்காவது காத்துக் கசிவு இருந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் எண்ணெய் கடத்தலைக் கூட்டும். இவை சரியாக இருந்தும் வருகிறது என்றால் ரிங் தேய்ந்துவிட்டது, ஓவர்ஹால் அல்லது ரிக்கோன் (புதுப்பித்த பழைய கம்ப்ரசர்).

கம்ப்ரசரைச் சரிசெய்ததோடு வேலை முடியவில்லை. எண்ணெய் குடித்த டிரையர் மணிகள் மறுபடி ஈரத்தை இழுக்காது, கார்ட்ரிட்ஜை மாற்றியே ஆக வேண்டும். டேங்க்குகளை முழுக்க வடியுங்கள். மேக்னெட்டிக் வால்வையும் சிலிண்டரையும் கழற்றித் துடையுங்கள். ரப்பர் இருக்கும் சாமானைத் தின்னரிலோ பெட்ரோலிலோ ஊறப்போடக் கூடாது, உப்பிவிடும். எண்ணெய் பட்டு ஏற்கெனவே உப்பிய ஓ-ரிங்கைத் திரும்ப மாட்டவும் கூடாது.

இதை அலட்சியப்படுத்த முடியாத காரணம் ஒன்று உண்டு. இதே காத்துதான் கால் பிரேக்குக்கும் போகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் வால்வில் எண்ணெய் தெறிக்கிறது என்றால், பிரேக் வால்வுகளின் ரப்பரும் அதே எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்தும் லோரி இழுக்கவில்லை, கறும்புகை

எண்ணெயும் கரியும் சேர்ந்து மேக்னெட்டிக் வால்வையோ ஷாஃப்டையோ பிடித்துவிட்டது. தகடு பாதி மூடிய நிலையில் நிற்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் லிவரைக் கையால் அசையுங்கள். தடையில்லாமல் போய் ஸ்பிரிங்கில் திரும்பினால் ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது, வால்வைப் பாருங்கள். லிவர் நகரவில்லை என்றால் கூட்டை இறக்கிக் கரியைச் சுரண்ட வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்தால் ஷாஃப்ட் வளையும். இந்த நிலையில் ஓட்டிக்கொண்டே போனால் புகையின் சூடு ஏறி டர்போவையும் வால்வுகளையும் தின்றுவிடும்.

அறிகுறி: சின்ன லோரி, வேக்குவம் ஹோஸுக்குள் எண்ணெய்

எக்ஸாஸ்ட் பிரேக் சிலிண்டருக்கு வரும் ரப்பர் ஹோஸைப் பிடுங்கினால் எண்ணெய் சொட்டுகிறது, அல்லது ஹோஸே பஞ்சு போல உப்பியிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வேக்குவம் பம்ப் எஞ்சின் எண்ணெயில்தான் ஓடுகிறது. பம்புக்கும் வேக்குவம் டேங்க்குக்கும் நடுவே ஒரு செக் வால்வு இருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் டேங்க்கில் மிச்சமிருக்கும் வேக்குவம் பம்பிலிருந்து எண்ணெயைத் திருப்பி இழுக்காமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் குப்பையில் போடுங்கள். விலை பெரிதில்லை, ஆனால் அதை மாட்டும் திசை முக்கியம். மேலேயே அம்புக்குறி இருக்கும்.

செக் வால்வு சரி என்றால் பம்பின் எண்ணெய் திரும்பும் ஹோஸைப் பாருங்கள். அது மடங்கினாலோ அடைத்தாலோ எண்ணெய் பம்புக்குள் தேங்கி வேக்குவம் பக்கமும் ஆல்டர்னேட்டர் பக்கமும் தள்ளும். ஆல்டர்னேட்டருக்குள் போன எண்ணெய் கார்பன் பிரஷ்ஷைக் கெடுக்கும், பேட்டரி விளக்கு எரியும். கசிவும் சார்ஜிங் கோளாறும் ஒன்றாக வந்தால் இந்த ஒரே இடத்தில் இரண்டுக்கும் பதில் இருக்க வாய்ப்பு அதிகம். பம்ப் நடுவிலிருக்கும் ஆயில் சீலையும் ஓ-ரிங்கையும் மாற்றி, ஹோஸ் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

சரிசெய்தபின் வேக்குவம் கேஜ் மாட்டி அளவு பாருங்கள். நல்ல பம்ப் பாதரசம் 600 மில்லிமீட்டருக்கு மேல் காட்டி, எஞ்சினை நிறுத்தியதும் சரசரவென்று இறங்காமல் நிற்க வேண்டும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸையும் கழற்றிப் பாருங்கள். அதே வேக்குவம்தான் கால் பிரேக் பூஸ்டரையும் இழுக்கிறது. அதற்குள் எண்ணெய் போயிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் ஊறிக் கிழியும், ஒருநாள் பெடல் கல்லாகும். பூஸ்டரில் எண்ணெய் பார்த்த லோரியை லோடு ஏற்றி அனுப்பும் பட்டறையை நம்பாதீர்கள்.

அறிகுறி: தரையில் ஓடும்போது ஒன்றுமில்லை, மலை இறங்கிய பிறகு மட்டும் எண்ணெய்

பினாங்கிலிருந்து தெற்கே போகும் லோரிகள் புக்கிட் பெராப்பிட்டிலும், மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போவை நோக்கி இறங்கும் சரிவிலும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தொடர்ந்து போட்டபடி இறங்கும். கிளந்தானுக்குப் போகிறவர்களுக்கு கிரிக்–ஜெலி சாலை இன்னும் நீளமான சோதனை. இப்படி இறங்கிய பின் மட்டும் ராக்கர் கவர், டிப்ஸ்டிக் வாய், கிராங்க் ஆயில் சீல் என்று பல இடத்தில் ஒரே நேரத்தில் ஈரம் தெரிந்தால், அத்தனை சீலும் ஒரே நாளில் செத்துவிட்டன என்று எண்ண வேண்டாம்.

தகடு மூடியிருக்கும்போது புகை பின்னால் அமுக்குகிறது. அதில் ஒரு பங்கு டர்பைன் பக்கத்து வளையத்தைத் தாண்டி டர்போவின் நடுக்கூட்டுக்குள் நுழைந்து, எண்ணெய் திரும்பும் பைப் வழியே கிராங்க்கேஸுக்கு வருகிறது. பிரீதர் நன்றாக இருந்தால் அது வெளியேறிவிடும். அடைத்திருந்தால் கிராங்க்கேஸ் ஊதிப்போய், எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், ஃபில்ட்டர் உள்ள வகை என்றால் எலிமென்ட்டை மாற்றுங்கள். அதே இறக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சீல் வேலையைத் தொடங்குவது.

தகட்டின் ஸ்டாப் போல்ட்டையும் பாருங்கள். தகடு முழுக்க மூடக் கூடாது, கம்பெனி சொன்ன சின்ன இடைவெளி இருக்க வேண்டும். சில மாடல்களில் தகட்டிலேயே ஓட்டை போட்டிருப்பார்கள். "பிரேக் இன்னும் நல்லா பிடிக்கட்டும்" என்று யாராவது போல்ட்டைத் திருகி இடைவெளியை அடைத்திருந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். மூட வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வுகளையே அது தள்ளித் திறக்கக்கூடும். கேஸ்கெட், டர்போ வளையம், வால்வு ஸ்பிரிங் என்று எல்லாவற்றுக்கும் கேடு. மேனுவல் அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

அறிகுறி: எஞ்சினுக்குள்ளேயே பிரேக் உள்ள லோரி, வயர் வழியாக எண்ணெய்

பெரிய பிரைம் மூவர்களில் ராக்கர் கவருக்குள் இருக்கும் கம்ப்ரஷன் வகை எஞ்சின் பிரேக் வேறு ஜாதி. அது எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதனால் அங்கே எண்ணெய்க் கசிவு என்பது உண்மையான கசிவு. கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டுகளையும், சோலனாய்டு வயர் கவரைத் தாண்டி வெளியே வரும் சாக்கெட்டையும் பாருங்கள். அந்த சாக்கெட் சீல் போனால் எண்ணெய் வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போய் தூரத்தில் எங்கோ சொட்டும்.

வழியில் கண்டால்

எரிந்த எண்ணெய் வாடை கேபினுக்குள் வந்தாலோ, டர்போ பக்கம் புகைந்தாலோ எமர்ஜென்சி லேனில் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். சூடான எக்ஸாஸ்டில் எண்ணெய் விழுந்தால் தீப்பிடிக்கும். தீயணைப்பு சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு கேபினைத் தூக்குவதைப் பற்றி யோசிக்கலாம். புகை இல்லை, எண்ணெய் அளவும் இறங்கவில்லை, லேசான ஈரம் மட்டும் என்றால் பட்டறை வரை மெதுவாக ஓட்டலாம். எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைப் போடாதீர்கள். ஆனால் அது இல்லாத லோரி இறக்கத்தில் கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். முழு லோடோடு முன்னால் நீண்ட இறக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு போமெனை வரச் சொல்வதே சரி.

மாட்டிய பிறகு

டர்போவையோ ரிங்கையோ சரிசெய்த லோரி முதல் சில ஓட்டங்களில் இன்னும் புகைக்கும். சைலன்சரில் ஊறிக் கிடக்கும் பழைய எண்ணெய் எரிந்து தீர வேண்டும். புகை நாளுக்கு நாள் குறைந்தால் சரி, அதே அளவில் நின்றால் திரும்பக் கொண்டு வாருங்கள். ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைச் சூடேறி ஆறியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புஸ்பாகோம் வாகனத் தகுதிச் சோதனைக்கு முதல் நாள் இரவில் கழுவித் துடைத்து ஓட்டிப் போகும் பழக்கம் பலரிடம் உண்டு. காலையில் வரிசையில் நிற்கும் நேரத்திலேயே மறுபடி சொட்ட ஆரம்பித்துவிடும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய எண்ணெய்க்குக் குறியீடு எஸ்டபிள்யூ 305, எண்ணெய் படிந்த துணிக்கும் ஃபில்ட்டருக்கும் எஸ்டபிள்யூ 410. டிரம்மில் லேபிள் ஒட்டி, உரிமம் உள்ளவர் வந்து எடுத்துப்போகும் வரை மூடி வைக்க வேண்டும். இன்று துடைத்த துணிகளும் அந்த டிரம்மில்தான் சேரும்.